கப்பல் ஏணியும் கானப்பயறும்

எனக்குப் பசி வந்தால் நான் நானாக இருக்கமாட்டேன். இதை என் மனைவி ஜெபசுதா கல்யாணமான புதிதிலேயே கண்டுகொண்டாள்; பள்ளிக்கூட டீச்சர் அல்லவா. வீட்டில் முக்கியமான பேச்சு எதுவாக இருந்தாலும் நான் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் எடுப்பாள். எங்கள் மகள் ஸ்டெபியைப் பெண் பார்க்க வந்தவர்களைக்கூட, மதியச் சாப்பாடு முடிந்து நான் ஏப்பம் விட்ட பிறகு வருகிற மாதிரி நேரம் சொன்னவள் அவள். அந்தச் சம்பந்தம் நல்லபடியாக முடிந்ததற்கு அன்றைக்கு வைத்த சீலா மீன் குழம்புதான் காரணம் என்று இன்றைக்கும் சொல்லுவாள்.

தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் நான் போர்டிங் கிளார்க். வருகிற கப்பலில் முதல் ஆளாக ஏறி, கேப்டனைப் பார்த்து, காகிதங்களில் கையெழுத்து வாங்கி வருவது என் வேலை. கப்பல் துறைமுகத்துக்குள் கட்டியிருந்தால் கவலையில்லை, படிக்கட்டு உண்டு. உள்ளே இடமில்லாமல் வெளிக்கடலில் நங்கூரம் போட்டு நின்றால், லாஞ்ச் என்கிற மோட்டார் படகில் போய்ப் பக்கவாட்டில் தொங்கும் கயிற்றேணியைப் பிடித்து ஏற வேண்டும். கீழே லாஞ்ச் ஆடும், மேலே கப்பல் ஆடும், நடுவில் இந்தச் செல்வதுரை ஆடுவான். சொன்னால் சிரிப்பீர்கள், இந்த உலகத்தில் எனக்கு அதைவிடப் பிடித்தது எதுவுமில்லை. மேலே போய்க் கைப்பிடிக் கம்பியைத் தொட்டதும் ஒரு ராஜாவைப்போல இருக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. நான் ஏறிய கப்பல்களில் எல்லாம், ஏறி வந்தவனுக்குச் சாப்பாடு போடாமல் அனுப்பியதில்லை. எந்த நாட்டுக் கப்பலாக இருந்தாலும் கேப்டன் கையெழுத்துப் போடும் முன்னால் சமையல்காரனைக் கூப்பிடுவார். நானும் மறுத்துப் பழக்கமில்லை. வேறு நாட்டுக்காரன் மனம் நோகக்கூடாது என்று இருபத்தைந்து வருடம் சாப்பிட்டதில் இடுப்பு பெல்ட்டில் ஓட்டை போட இடமில்லாமல் போயிற்று.

ஜனவரியில் மேனேஜர் முத்துக்குமரன் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். என்னைவிடப் பத்து வயது சின்னவர், மரியாதை தெரிந்தவர்.

"அண்ணாச்சி, தப்பா நெனைக்காதீய. இன்சூரன்ஸ்காரன் புதுசா ஒரு கண்டிஷன் போட்டிருக்கான். கயித்தேணியில ஏறுத ஆளு நூறு கிலோவுக்குள்ள இருக்கணுமாம்."

"நான் எம்புட்டு இருக்கேன்னு ஒமக்குத் தெரியுமா?"

"தெரியாது. ஆனா நூறு இல்லன்னு தெரியுது."

அவர் சொன்னது இதுதான். ஈஸ்டர் முடிந்து மறுநாள் திங்கள்கிழமை மெடிக்கல். அதுவரை நான் உள்ளே கட்டிய கப்பல்களில் மட்டும் ஏறலாம். வெளிக்கடல் கப்பல்களுக்கு எங்கள் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த பையன் ஷாம் போவான். மெடிக்கலில் தேறினால் பழையபடி எல்லாம் எனக்கு. தேறாவிட்டால் ஷாமுக்கே நிரந்தரமாகப் போய்விடும், எனக்கு மாடியில் ஏசி அறையில் கம்ப்யூட்டர் முன்னால் ஒரு நாற்காலி. சம்பளம் குறையாது என்றும் சொன்னார். சம்பளத்தை யார் கேட்டார்கள்?

வீட்டுக்கு வந்து, சாப்பிட்ட பிறகு, சொன்னேன். ஜெபசுதா தட்டுகளை எடுத்துக்கொண்டே, "நல்லதாப் போச்சு. ஏசி ரூம்ல இருந்து வேல பாத்தா என்ன கொறஞ்சா போயிரும்?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. இரண்டு வருடம் முன்பு ஏணியில் ஈரம் இருந்து, வழுக்கி லாஞ்சுக்குள் விழுந்து இடது மணிக்கட்டை ஒடித்துக்கொண்டேன். அதிலிருந்து, 'வெளிய ஒரு கப்பல் நிக்கி' என்று நான் சொன்னாலே அவள் முகம் மாறிவிடும். சுத்தமாக இருக்கிற அடுப்பை மறுபடியும் துடைப்பாள். அன்றைக்கும் துடைத்தாள்.

எடை பார்க்க நான் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. நர்ஸ் பிள்ளைகள் முன்னால் அந்த அவமானம் வேண்டாம் என்று ஆறுமுகநயினார் அண்ணாச்சியின் கருப்பட்டி மண்டிக்குப் போனேன். உடன்குடியிலிருந்து வரும் சிப்பங்களை எடை போடுகிற பெரிய தராசு அங்கே இருக்கிறது. செருப்பைக் கழற்றி, பர்ஸை எடுத்து வைத்து, மூச்சை வெளியே விட்டு ஏறினேன். நூற்றேழு.

"வே செல்வதுரை, ஒம்ம எடைக்குக் கருப்பட்டி குடுத்தா ஒரு கல்யாண வீட்டுக்குக் காணும்" என்றார் அண்ணாச்சி. மண்டியில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள்.

அந்த ரோஷத்தில் பட்டினி தொடங்கினேன். காலையில் ஒரு இட்லி, மதியம் ஒரு கரண்டி சோறும் ரசமும், ராத்திரி ஒரு ஆப்பிள். பதினொரு மணிக்கெல்லாம் எரிச்சல் ஏறிவிடும். ஷாம் ஒரு பேப்பரை மாற்றி வைத்ததற்காக அவன் பரம்பரையையே இழுத்துப் பேசினேன். பேங்கில் பேனா எழுதவில்லை என்று கத்தினேன். இப்படிப் பகலெல்லாம் தவம் இருந்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியில் பரோட்டாக் கடை வாசனை வந்ததும் வண்டி தானாக நின்றுவிடும். எண்ணெயில் பொரித்த பரோட்டா, சால்னா ஊற்றி, நாலு. அது என் கணக்கில் வராது, ஏனென்றால் வீட்டில் சாப்பிடவில்லை அல்லவா?

ஜனவரி முடியும்போதும் தராசில் அதே நூற்றேழு. அண்ணாச்சியின் தராசு பழுது என்று சண்டை போட்டேன். அவர் ஒரு ஐம்பது கிலோ சிப்பத்தைத் தூக்கி வைத்துக் காட்டினார். தராசு ஐம்பது என்றது.

அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசனை சொல்லுகிற அனுசியா மேடத்திடம் போனேன். சின்ன வயசுப் பெண், ஆனால் பேச்சில் சுற்றி வளைப்பது கிடையாது. என் ரத்தப் பரிசோதனைக் காகிதங்களைப் பார்த்து, சிறுநீரகம் நன்றாக இருப்பதை உறுதிசெய்துகொண்டு, நான் என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டார். சொன்னேன். பரோட்டாவை விட்டுவிட்டுச் சொன்னேன்.

"சாயங்காலம் என்ன சாப்பிடுதீங்க சார்?" என்றார்.

அதையும் சொன்னேன்.

"பசியைப் பட்டினி போட்டு ஜெயிக்க முடியாது சார். கொஞ்ச நேரம் அடங்குன மாதிரி இருந்துட்டு மொத்தமா வாங்கிட்டுப் போயிரும். நீங்க சாப்பாட்டைக் குறைக்கதுக்கு முன்னாடி புரோட்டீனைக் கூட்டுங்க. முட்டை, மீன், கோழி, பயறு, தயிர். ஒவ்வொரு வேளையும் அதை முதல்ல சாப்பிடுங்க. சோறு கடைசியில. அது வயித்துல நின்னு தாங்கும், பசி அவ்வளவு சீக்கிரம் வராது. பிறகு சோறு தானாக் குறையும்."

"மீன் சாப்பிடலாமா?"

"தாராளமா. பொரிக்காம."

எனக்கு அந்தப் பெண்ணைக் கையெடுத்துக் கும்பிடலாம்போல் இருந்தது. மீனைச் சாப்பிடச் சொல்லி ஒரு ஆஸ்பத்திரியில் உத்தரவு போட்டால் தூத்துக்குடிக்காரனுக்கு அதைவிட என்ன வேண்டும்?

பிப்ரவரி முதல் பாதி எங்கள் வீட்டில் பொற்காலம். காலையில் அவித்த முட்டையும் ஒரு தோசையும். மதியம் ஜெபசுதா மண்சட்டியில் சாளையோ ஊளியோ குழம்பு வைத்து, துண்டுகளை முதலில் தட்டில் போடுவாள். நான் முள் எடுத்து நிதானமாகச் சாப்பிட்டு முடித்த பிறகு சோறு வரும். அப்போது பார்த்தால் பாதிச் சோறு போதும் என்று தோன்றும். முதல் இரண்டு நாள் நம்பவில்லை, வயிறு ஏமாற்றுகிறது என்று நினைத்தேன். சாயங்காலம் பரோட்டாக் கடையைத் தாண்டி வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான், கடையைத் தாண்டி வந்துவிட்டேன் என்பதே நினைவுக்கு வந்தது. ஷாமிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் பயந்துபோய் எனக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரித்தான்.

தராசு நூற்றுமூன்று காட்டியது. குறைக்க இன்னும் மூன்றே கிலோ, ஈஸ்டருக்கு இன்னும் எவ்வளவோ நாள் இருக்கிறது. ஊதித் தள்ளிவிடலாம் என்று நினைத்தேன். அந்த நினைப்பில் ஒன்றை மறந்தே போனேன்.

சாம்பல் புதனுக்கு முந்தின நாள் வீட்டுக்கு வந்தால், ஜெபசுதா மீன் சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்திருந்தாள். ஒவ்வொரு வருடமும் அப்படித்தான். ஈஸ்டர்வரை நாற்பது நாள் நோன்பு இருக்கிற லெந்து காலம் தொடங்கினால் அந்தச் சட்டி பரணுக்குப் போய்விடும், ஈஸ்டர் அன்றுதான் இறங்கும். மீன் கிடையாது, கறி கிடையாது, முட்டை கிடையாது. அவள் இங்கே பக்கத்தில் இருக்கிற நாசரேத் ஊரில், பழைய கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவள். அவர்கள் வீட்டில் பூனைக்குக்கூட அந்த நாற்பது நாளும் தயிர்ச் சோறுதான்.

"ஏளா, எனக்கு மெடிக்கல் இருக்குல்லா" என்றேன்.

"அதுக்கென்ன? லெந்து இருந்தா எளைக்கத்தான செய்யும்?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. நோன்பு இருந்து யாராவது குண்டாவார்களா? மீனும் கறியும் இல்லாவிட்டால் இன்னும் வேகமாகக் குறையும் என்று நானே சந்தோஷப்பட்டேன். அனுசியா மேடத்தைக் கேட்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. ஆண்டவரும் டாக்டரும் ஒரே பக்கம் நிற்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

லெந்து காலத்தில் நாங்கள் என்ன சாப்பிடுகிறோம் என்று யாரும் உட்கார்ந்து யோசிப்பதில்லை. காலையில் இட்லி, அல்லது பூரிக்கிழங்கு. மதியம் சாம்பார், உருளைக்கிழங்குப் பொரியல், அப்பளம். மீன் இல்லாத சாப்பாடு இறங்கவேண்டுமே என்று இன்னொரு கரண்டி சோறு. ஞாயிற்றுக்கிழமை பாயசம். இதெல்லாம் போதாதென்று சாயங்காலம் வீட்டு ஜெபக்கூட்டம். எங்கள் சபையில் லெந்து முழுக்க ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டில் ஜெபம் நடக்கும். பாட்டு, வேதபாடம், ஜெபம், அதன் பிறகு பலகாரம். கறி மீன்தான் கூடாதே தவிர, பலகாரத்துக்குத் தடையில்லை. ஒரு வீட்டில் கேசரி என்றால் அடுத்த வீட்டில் கேசரியும் பஜ்ஜியும். அதற்கடுத்த வீட்டில் இரண்டும் வைத்து மேலே கருப்பட்டிக் கொழுக்கட்டை. இயேசுவின் பாடுகளை நினைத்து உருகிப் பாடிவிட்டு இலையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒரு கை பிடிக்க வேண்டும்.

எனக்கு மறுபடியும் பசி வந்தது. அதுதான் ஆச்சரியம். வயிறு நிறையச் சோறு தின்றாலும் நாலு மணிக்குக் குடல் கூப்பிட்டது. பலகாரத்தைத் தொடக்கூடாது என்று சபதம் எடுத்து மதியச் சோற்றைக் குறைத்தேன். பசி இரட்டிப்பாகி, சாயங்காலம் சபதம் எடுத்தவனே இரண்டாள் பஜ்ஜியைச் சாப்பிட்டான். மார்ச் முதல் வாரம் மண்டிக்குப் போனேன். நூற்றைந்து.

"லெந்து இருக்கீரு, எடை ஏறுது. என்ன வே இது அதிசயம்?" என்றார் அண்ணாச்சி. அவர் செந்தூர் முருகன் பக்தர், சஷ்டிக்கு விரதம் இருப்பவர். ஆனால் அன்றைக்கு அவர் கேலி செய்யவில்லை, உண்மையாகவே கேட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஏசி அறையின் நாற்காலி கண்முன்னால் வந்து நின்றது.

இரண்டு நாள் கழித்து ஜெபம் ஜெபகனி சார் வீட்டில். ரிட்டயரான ஹெட்மாஸ்டர், நல்ல மனிதர், ஜெபம்தான் நீளம். டெல்லியில் தொடங்கி எங்கள் தெருவுக்கு வந்து சேர நேரமாகும். மழைக்காகக் கேட்பார். உடனே, மழை பெய்தால் பாத்தி கெட்டுப்போகுமே என்று உப்பளத் தொழிலாளிகளுக்காகவும் கேட்பார். ஆண்டவர் பாடு திண்டாட்டம்தான். அன்றைக்கு நான் மதியம் இரண்டு கரண்டி மோர்ச் சோற்றோடு நிறுத்தியிருந்தேன். கண்ணை மூடி முழங்காலில் நிற்கிறேன், அடுக்களையில் உளுந்தவடை பொரிகிறது. எண்ணெயில் மாவு விழுகிற சத்தம் ஒவ்வொன்றும் எனக்குக் கேட்கிறது.

சார் துறைமுகத்துக்கு வந்துவிட்டார், கப்பல்களுக்கு வந்துவிட்டார், கப்பலில் வேலை பார்க்கிற எங்கள் சகோதரன் செல்வதுரைக்காக என்றார். அப்படிச் சொல்லிவிட்டு, உணர்ச்சிவசப்பட்டோ என்னவோ, மூச்சு வாங்க ஒரு கணம் நிறுத்தினார்.

"ஆமென்!" என்றேன்.

சும்மா இல்லை, கயிற்றேணியின் கீழிருந்து மேலே கூப்பிடுகிற குரலில். ஜெபம் முடிந்துவிட்டது என்று எல்லோரும் ஆமென் சொல்லி எழுந்துவிட்டார்கள். பிள்ளைகள் அடுக்களையைப் பார்த்து ஓடின. சார் மட்டும் முழங்காலில் நின்றபடி கண்ணைத் திறந்து சுற்றிப் பார்த்தார். எனக்காகக் கேட்க வந்தது அவர் தொண்டையிலேயே நின்றுபோயிற்று. நான் அந்த வெட்கத்திலும் ஐந்து வடை சாப்பிட்டேன்.

ஜெபசுதா வீடு வரை எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். கதவைத் திறந்து விளக்கைப் போட்ட பிறகுதான் கேட்டாள்.

"அம்புட்டுப் பசியா?"

நான் திட்டுவாள் என்று நினைத்துப் பதிலுக்குக் கத்த ஆயத்தமாக இருந்தேன். அவள் குரலில் கோபமே இல்லை. உடனே எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஐம்பத்தோரு வயதில், ஐந்து வடை தின்ற வயிற்றோடு, பசிக்கிறது என்று மனைவி முன்னால் அழுகிறவனை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். "எனக்கு அந்த நாக்காலி வேண்டாம் சுதா" என்றேன். அவள் என் முதுகைத் தட்டிவிட்டு, அடுக்களைக்குப் போய் அடுப்பைத் துடைத்தாள்.

மறுநாள் காலையில் என் தட்டில் இட்லி இல்லை. ஒரு கிண்ணம் நிறைய அவித்த கானம், அதாவது கொள்ளு, தேங்காய்ப்பூவும் வெங்காயமும் போட்டுத் தாளித்தது. பக்கத்தில் ஒரு கிண்ணம் கெட்டித் தயிர். ஒரே ஒரு இட்லி ஓரத்தில் இருந்தது.

"அனுசியா மேடத்துக்கு நானே போன் போட்டேன்" என்றாள். "லெந்துன்னா ஏன் சார் சொல்லலன்னு அவங்க என்னயப் பிடிச்சு ஏசுதாங்க. மீன எடுத்துட்டு அந்த எடத்துல சோத்தயும் கெழங்கயும் வச்சா பசிக்கத்தான செய்யும்? பயறு சாப்பிடலாம், தயிர் சாப்பிடலாம், பன்னீர் சாப்பிடலாம். எதுவும் லெந்துக்கு விரோதம் இல்ல. மொதல்ல இதச் சாப்பிடுங்க, பொறவு இட்லி."

"கானத்த மாட்டுக்குல்லா போடுவாங்க?"

"அந்த மாடு ஜெபத்துல நடுவுல கத்தாது" என்றாள்.

அன்று முதல் பயறு ஆட்சி. கானம், சிறுபயறு, தட்டாம்பயறு, கறுப்புக் கொண்டைக்கடலை என்று முறை வைத்து ராத்திரி ஊறும், காலையில் முளைகட்டும். மதியம் பயற்றுக் குழம்பு, கானத் துவையல், பன்னீரைச் சின்னத் துண்டாகப் போட்ட கீரை. சோறு கடைசியில், ஒரு கரண்டி. மீனின் ருசி வருமா என்று கேட்டால் வராது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் நாலாம் நாளே வயிறு அடங்கியது. நாலு மணிக்குக் கூப்பிடுகிற குடல் கூப்பிடவில்லை.

வீட்டில் சரி, சாயங்காலப் பலகாரத்தை என்ன செய்வது? அதையும் அவளே பார்த்துக்கொண்டாள். எங்கள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு ஜெபசுதாதான் செயலாளர். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எழுந்து, இந்த லெந்து முடியும்வரை எந்த ஜெப வீட்டிலும் எண்ணெய்ப் பலகாரம், இனிப்பு கிடையாது, சுண்டலும் மோரும் மட்டும்தான் என்று அறிவித்தாள். நோன்பு என்றால் நோன்பாக இருக்க வேண்டும் என்று ஒரு சின்னப் பிரசங்கம் வேறு. எங்கள் சபைப் போதகர் ஐயரவர்கள் ரொம்ப நல்ல காரியம் என்றார். சபையில் மற்ற யார் முகத்திலும் அந்தக் கருத்து தெரியவில்லை. கேசரிக்குப் பேர்போன முருகேஸ்வரி அக்கா வெளியே வந்து என்னை முறைத்த முறைப்பில், காரணம் யாரென்று ஊருக்கே தெரிந்துவிட்டது என்று புரிந்துகொண்டேன்.

ஆக, செல்வதுரை ஒருவன் இளைப்பதற்காக ஒரு சபையே பயறு தின்றது. அதன் பலன்களையும் சபை அனுபவித்தது. கானம் வாயுப் பண்டம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். நாற்பது பேர் ஒரு கூடத்தில் நெருக்கி உட்கார்ந்து துயரக் கீர்த்தனை பாடும்போது அந்த வாரம் சில இடங்களில் சுருதி விலகியது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஜெபகனி சாரின் ஜெபம்கூட ஓரளவு சுருங்கியது. பிறகு பெண்கள் பேசி, கானத்தைக் குறைத்துக் கடலையும் சிறுபயறும் ஆக்கினார்கள், இஞ்சி போட்டார்கள்.

குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின நாள் மண்டியில் நூற்றொன்றரை. பெரிய வெள்ளி முடிந்து சனிக்கிழமை போய் நின்றேன். முள் நூறைத் தாண்டாமல் அதற்கு இந்தப் பக்கமே கொஞ்ச நேரம் ஆடி நின்றுவிட்டது. அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "நாளைக்கு ஒங்க பண்டிகை. பிரியாணியப் பாத்து வாயக் கட்டிக்கிடும்" என்றார். நான் இறங்கி அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன்.

ஈஸ்டர் அன்று விடியற்காலை ஆராதனை முடிந்து வந்ததும் ஜெபசுதா ஸ்டூல் போட்டு ஏறிப் பரணிலிருந்து மீன் சட்டியை இறக்கினாள். ஸ்டெபியும் மருமகனும் கோயம்புத்தூரிலிருந்து வரவில்லை, அதனால் நாங்கள் இருவர்தான். ஆனாலும் பண்டிகைக்குக் குறை வைக்கவில்லை. ஆட்டுக்கறி பிரியாணியும் இருந்தது, சீலா மீன் குழம்பும் இருந்தது. எனக்குத் தட்டில் முதலில் நாலு மீன் துண்டு. நாற்பது நாள் கழித்து வாயில் வைத்தேன், என்ன சொல்ல, தூத்துக்குடியில் பிறந்ததற்கு ஸ்தோத்திரம் என்று சொன்னேன். பிறகு ஒரே ஒரு கரண்டி பிரியாணி வைத்தாள், மேலே நிறையக் கறித்துண்டு. பிரியாணிப் பாத்திரத்தை மூடி, தனக்குப் போட்டுக்கொள்ளாமல் என் எதிரே உட்கார்ந்தாள்.

"ஒண்ணு சொல்லுதேன். கோவப்படக் கூடாது."

"சாப்ட்டாச்சுல்லா. சொல்லு."

"இந்த லெந்து முழுக்க ஆண்டவர்ட்ட நான் ஒண்ணுதான் கேட்டேன். நீங்க நாளைக்குத் தேறக் கூடாதுன்னு."

நான் கையில் இருந்த எலும்பைத் தட்டில் வைத்தேன்.

"அந்த ஏணியில இருந்து நீங்க எறங்கிரணும்னு கேட்டேன். அன்னைக்கு ஆஸ்பத்திரியில கையில கட்டோட ஒங்களப் பாத்தேம்லா, அதுல இருந்து நீங்க வெளிய போற ஒவ்வொரு நாளும் நான் கிளாஸ்ல நின்னு என்ன பாடம் நடத்துதேன்னு எனக்கே தெரியாது. அது கைதான், அடுத்து தலையா இருந்தா?" அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இந்த ரூல் வந்தப்போ ஆண்டவரே அனுப்புனாருன்னு நெனச்சேன்."

"பொறவு ஏம்ளா பயறு அவிச்ச? சபை முழுக்கச் சண்ட போட்டு மெனுவ மாத்துன?"

"நீங்க அழுதீயள்லா அன்னைக்கு." பாத்திரத்தின் மூடியைச் சரியாக வைத்தாள். "ஆண்டவர்ட்ட கேட்டது என் ஆசை. ஒங்க தட்டுல வைக்கது ஒங்க ஆசையாத்தான இருக்கணும்? காலைல ஒரு நெனப்பு வந்துச்சு. இன்னைக்கு ரெண்டு தட்டு பிரியாணி வச்சுட்டாப் போதும், நாளைக்கு முள்ளு அந்தப் பக்கம் போயிரும், யாருக்கும் தெரியாது. கரண்டியக்கூடப் போட்டுட்டேன். கை வரல."

எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. வயிற்றில் மீன் இருந்தது ஒரு காரணமாக இருக்கலாம், ஆனால் அது மட்டும் இல்லை. இருபத்தாறு வருடமாக என் பசியின் அளவு தெரிந்து கரண்டி பிடித்தவள் அவள். அவளுடைய பயத்தின் அளவை நான் ஒருநாளாவது கேட்டிருக்கிறேனா என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது. எழுந்து கை கழுவிவிட்டு வந்து, ஒரு தட்டை எடுத்து அவளுக்குப் பிரியாணி வைத்தேன். மீனை முதலில் வைத்தேன்.

"நான் வேணும்னா நாளைக்குப் போகல" என்றேன்.

"ஒண்ணும் வேண்டாம். அம்புட்டுக் கானமும் வீணாப் போறதுக்கா?" என்றாள். "ஏறுங்க. ஆனா ஏறுனதும் எனக்கு ஒரு போன் போடணும்."

திங்கள்கிழமை ஆஸ்பத்திரியில் தொண்ணூற்றொன்பதுக்கு மேலே கொஞ்சம் காட்டியது. நர்ஸ் அதைச் சாதாரணமாக எழுதிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். முத்துக்குமரனுக்குச் சொன்னதும், "அண்ணாச்சி, நாளைக்கே வெளிய ஒரு நிலக்கரிக் கப்பல் நிக்கி" என்றார். ஷாம் என்னைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்டான். அவனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாதாம், இவ்வளவு நாளும் வாந்தி எடுத்துக்கொண்டே போய் வந்திருக்கிறான்.

செவ்வாய்க்கிழமை காலை லாஞ்ச் கப்பலின் பக்கத்தில் போய் நின்றது. கடல் அடங்கித்தான் இருந்தது. ஏணியின் கயிற்றைப் பிடித்து, ஈரம் இருக்கிறதா என்று கையால் ஒருமுறை தடவிப் பார்த்தேன். இதற்கு முன்னால் அப்படிப் பார்த்ததில்லை. பிறகு ஏறினேன். உடம்பு லேசாக இருந்தது என்றால் மிகைதான், ஆனால் பாதியில் நின்று மூச்சு வாங்கவில்லை. மேலே போய்க் கைப்பிடிக் கம்பியைத் தொட்டேன். ராஜாதான், சந்தேகமே இல்லை.

கேப்டன் அறைக்குப் போகுமுன் போன் போட்டேன்.

"ஏறிட்டேம்ளா."

அந்தப் பக்கம் பிள்ளைகள் சத்தம், பிறகு வராந்தாவுக்கு வந்திருப்பாள், சத்தம் குறைந்தது. "வழுக்கலயே?"

"இல்ல. பாத்துத்தான் ஏறுனேன்."

"அங்கன முட்டை தருவாங்கல்லா? அத மொதல்ல சாப்பிடுங்க. ரொட்டி கடைசியில." கொஞ்சம் தயங்கினாள். "எறங்குனதும் ஒரு போன் போடுங்க."

அது இப்போது வழக்கமாகிவிட்டது. வெளிக்கடலுக்குப் போகிற நாளெல்லாம் இரண்டு போன். ஏறினதும் ஒன்று, இறங்கினதும் ஒன்று. ஏறிய போனை எடுக்க அவள் கொஞ்சம் தாமதமாக்குவாள், பாடம் நடத்திக்கொண்டிருப்பாள். இறங்கிய போனை மட்டும் முதல் மணி முடிவதற்குள் எடுத்துவிடுகிறாள்.